கைக்கோடரியின் அடியில் சில புள்ளிகள்

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நீங்க கண்டுபிடிச்ச முதல் கல்லு எது?" நீங்களும் நேற்று டீ குடிக்கும்போது கேட்டீர்கள். நான் ஒரு கல்லையும் கண்டுபிடித்ததில்லை. நான் வரைகிறவள். அடுத்தவர்கள் பொறுக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டிய கற்களை ஓய்வு பெறும் நாள் வரைக்கும் வரைந்துகொண்டிருந்தேன். கண் மங்கிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்லை வரைவது சித்திரம் போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, எந்தச் சில்லு முதலில் தெறித்தது, எது பிறகு தெறித்தது என்பதையெல்லாம் கோட்டிலேயே சொல்லியாக வேண்டும். எங்காவது மேல்பரப்பு அடிபட்டு நொறுங்கிக் குழிந்திருந்தால் அந்த இடத்தில் கோடு போட மாட்டோம், புள்ளி வைப்போம். இந்தப் புள்ளியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

இன்றைக்கு உங்கள் கையில் காமிரா இருக்கிறது. எங்கோ வெளிநாட்டுக் காட்டில் குரங்கு கல்லால் கொட்டை உடைக்கிற படத்தைப் போட்டுக் காட்டுகிறீர்கள், எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிறீர்கள். மனிதனின் தொழில்நுட்பம் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று பேசிக்கொள்கிறீர்கள். பேசுங்கள், நல்ல பேச்சுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நான் பார்த்ததை இந்தத் துறையில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சந்தோஷமான கதை கிடையாது. சாப்பிட்ட மயக்கத்தில் கேட்டுக்கொண்டே கண்ணயரலாம் என்று பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அதற்கு முன்னால், நான் மூக்குடைந்த கதை ஒன்று. சேர்ந்த மாதமே திண்டிவனம் ரோட்டோரத்திலிருந்து ஒரு பை நிறைய சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஆதிமனிதன் செய்தவை என்று ஒரு தாள் முழுக்க வரைந்து, எங்கள் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். "படம் நல்லா இருக்கு. இதைச் செஞ்ச ஆதிமனுஷங்க இன்னும் அங்கதான் உக்காந்திருக்காங்க, போய்ப் பாத்துட்டு வா" என்றார். போனேன். ரோடு போட ஜல்லி உடைக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா சுத்தியலை ஓங்கி அடித்தாள், நான் வரைந்த அதே சில்லு தெறித்து என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். "இன்னாம்மா, ஜல்லி பொறுக்கவா வந்தே? எத்தினி கூடை வோணும்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். உடைத்தது யார் என்பதைக் கல் தானாகச் சொல்லாது என்று அன்றைக்குப் புரிந்தது.

எங்கள் பேராசிரியரின் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், கறாரானவர். கல்லைத் தொடுவதற்கு முன்னால் அது கிடக்கிற இடத்தை வரைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இடத்தை வரையாமல் கல்லை எடுத்தவன் திருடன் என்று வாய்விட்டே சொல்வார். இந்தச் செம்மண் சமவெளியில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று அவர் நம்பினார். மற்ற அறிஞர்கள், மலையும் பாறையும் உள்ள இடத்தில் தேடுங்கள், மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலையைத் தவிர என்ன கிடைக்கும் என்று கேலி செய்தார்கள். அவர் வருஷக்கணக்காகக் கொல்லை கொல்லையாக நடந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் நானும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்படி ஒருநாள் மதியம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தோப்பில் ஒதுங்கினோம். மாவும் பனையும் கலந்த தோப்பு. தோப்புக்கும் பாதைக்கும் நடுவே ஒரு கரை, கரைமேல் பெரிய வாதாமரம், நாட்டு வாதுமை. பக்கத்துக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கித் தின்ன வரும் குரங்குக் கூட்டம் அங்கேதான் தங்கும். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டக், டக் என்று சத்தம் கேட்டது.

ஒரு கிழட்டுப் பெண் குரங்கு, கூட்டத்திலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தது. இடுப்பைச் சுற்றி முடியில்லாத ஒரு வளையம். ஒரு காலத்தில் குரங்காட்டி எவனோ கட்டிய கயிறு அறுத்த தழும்பு. அதற்கு முன்னால் தட்டையான ஒரு சின்னப் பலகைக் கல், நடுவில் குழி. குழியில் காய்ந்த வாதாங்கொட்டையை வைத்தது. இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி அடித்தது. கொட்டை உருண்டது. எடுத்து மறுபடி வைத்தது, பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி அடித்தது. ஓடு பிளந்ததும் பருப்பை நோண்டித் தின்றது.

பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குரங்கைப் பார்க்கவே இல்லை. அதன் கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு கைக்கோடரி. ஒரு முனை கூர்மையாக, மறு முனை உருண்டையாக, இரண்டு பக்கமும் சில்லு தட்டி, உள்ளங்கையில் பிடிக்கிற மாதிரி செய்தது. லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மனிதன் செய்து போட்ட கருவி. அந்த மண்ணில் அவர் வருஷக்கணக்காகத் தேடியது. அந்தக் குரங்கு கூர்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு உருண்டைப் பக்கத்தால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தது.

அவர் மடியிலிருந்த வாழைப்பழத்தைத் தூரமாக வீசினார். குரங்கு அதற்காகப் போனது. அவர் ஓடிப்போய்க் கைக்கோடரியை எடுத்தார். அந்தப் பலகைக் கல்லிலும் அடித்த தடம் இருந்ததால் அதையும் தூக்கிச் சாக்கில் போட்டார். இடத்தை வரையச் சொல்லவில்லை. அவ்வளவு கறாரான மனிதருக்கு அன்றைக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

குரங்கு பழத்தோடு திரும்பி வந்தது. கல் இருந்த இடத்தைப் பார்த்தது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு மண்ணைக் கையால் தடவித் தடவிப் பார்த்தது. சருகைப் புரட்டிப் பார்த்தது. பலகைக் கல் கிடந்த ஈரமான பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தது.

"சார், அது தேடுது" என்றேன்.

"தேடட்டும்மா. நாம எத்தனை வருஷமாத் தேடறோம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஜீப்பில் போகும்போது, குரங்கைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த இடுப்புத் தழும்பைப் பார்த்தாயா, அது மனிதனிடம் பழகிய குரங்கு, யாரோ சொல்லிக் கொடுத்தது, அதில் அறிவியல் ஒன்றும் இல்லை என்றார். கருவி எடுத்து வேலை செய்கிற ஒரே பிராணி மனிதன் என்று வகுப்பில் அவர் சொல்லி நான் எழுதியிருக்கிறேன். எனக்கும் அப்போது எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. ஆனால் மனசு கேட்காமல், ஓய்ந்த நேரத்தில் பஸ் பிடித்து அந்தத் தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டு குரங்குகளை வரைய ஆரம்பித்தேன். அங்கேதான் சவரிமுத்து பழக்கமானார்.

சவரிமுத்து ரயில்வேயில் கீமேன். தோளில் நீளச் சுத்தியலும் கையில் சிவப்புக் கொடியுமாகத் தண்டவாளத்தின் ஓரமாகவே தினமும் நடந்து, ஆப்பு தளர்ந்திருக்கிறதா, பாதையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேதக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்து என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை. அந்தக் குரங்குக்கு அவர் வைத்திருந்த பெயர் கயித்துக்காரி.

"அது இங்க ரொம்ப நாளா கீது டீச்சர். கொட்டைய டொக்கு டொக்குன்னு ஒடைச்சிக்கினே இருக்கும். இப்ப இன்னாவோ தெரியல, கல்லுக்கு அலையுது."

அந்தத் தோப்பு முழுக்கச் செம்மண். கையில் பிடித்தால் பொடிந்துபோகிற கட்டிதான் கிடைக்கும். ஆனால் கரையைத் தாண்டினால் கடினமான கல் கொட்டிக் கிடக்கிறது, ரயில் ரோட்டு ஜல்லி. அடிக்கத் தோதான இரும்பும் நீளமாக இருக்கிறது. கயித்துக்காரி கரை ஏறிவிட்டாள். தண்டவாளத்தின்மேல் கொட்டையை வைத்து, ஜல்லியால் அடித்து, பருப்பைத் தின்றுவிட்டுக் கல்லை அப்படியே தண்டவாளத்தின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். தோப்பில் பலகைக் கல்லின்மேல் எப்படி வைத்துவிட்டுப் போவாளோ அதே மாதிரி.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். தண்டவாளத்தில் எங்கே கல் கிடந்தாலும் சதி வேலை என்று பார்த்த காலம் அது. முதல் தடவை சவரிமுத்து கல்லைப் பார்த்துவிட்டுக் கொடி காட்டி வண்டியை நிறுத்தினார். எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார்கள். அடுத்த தடவையும் அவரே பார்த்தார். அதற்கடுத்த தடவையும் அவரே பார்த்தபோது பாராட்டு நின்றுபோய்ச் சந்தேகம் ஆரம்பித்தது. கல்லை வைக்கிறவனும் அவன்தான், எடுக்கிறவனும் அவன்தான், நல்ல பேர் வாங்க நாடகம் ஆடுகிறான் என்று பேசினார்கள். அப்படிச் செய்து மாட்டிக்கொண்ட ஆட்கள் வேறு இடங்களில் இருந்திருப்பார்கள் போல. ஒருநாள் அவர் எட்டுவதற்கு முன்பே வண்டி கல்லின்மேல் ஏறி எஞ்சின் குலுங்கி நின்றது. சவரிமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீசுக்குப் போவதற்கு முன் விழுப்புரத்தில் விசாரணை என்றார்கள்.

அவரும் அவர் மனைவி லூர்தும் திண்டிவனத்தில் நான் தங்கியிருந்த சித்தி வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கொரங்கு வெச்சிதுன்னு சொன்னேன் டீச்சர். சிரிக்கிறாங்கோ. குடிச்சிட்டு வந்து ஒளர்றியான்னு கேக்கறாங்கோ. நான் குடிக்கிறவனில்ல, ஊருக்கே தெரியும்."

லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வண்டிய கவுக்கப் பாத்தவன்னு பேரு வந்துட்டா, கோயில்ல கூட எங்க பக்கத்துல யாரும் முட்டி போடமாட்டாங்கம்மா. பொண்ணக் கட்டிக்க எவன் வருவான்? வேல போனாக்கூட எங்கனா கூலிக்குப் போய்க்கினு பொழச்சிக்கலாம். இந்தப் பேரோட எப்படிப் பொழைக்கிறது?" என்றாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்க. படிச்சவங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்றார் சவரிமுத்து.

பேராசிரியரிடம் போனேன். அவர் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் அந்தக் கைக்கோடரி ஒரு துணிமேல் இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போய்ச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அந்தக் கல்லு குரங்கு தூக்கிட்டுத் திரிஞ்ச கல்லுன்னு ஆயிடும். எந்த மலையிலேர்ந்து எந்தக் குரங்காட்டியோட வந்துச்சோன்னு கேப்பாங்க. எங்க கிடந்ததுன்னு தெரியாத கல்லுக்கு மதிப்பே கிடையாது. என் வாழ்நாள் முழுக்கச் செஞ்ச வேலைம்மா இது."

"அந்த ஆளோட வாழ்நாள் சார்..."

அவர் துணியின் நுனியை இழுத்துக் கைக்கோடரியை மூடினார். "நீ போறதா இருந்தா தடுக்க மாட்டேன். நான் வரமாட்டேன்" என்றார்.

அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். நல்லவர்களும் பயப்படுவார்கள் என்பதை இந்தத் தொழிலில் சீக்கிரமே தெரிந்துகொள்வது நல்லது.

நான் சொன்னால் குரங்குக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது. ஒரு பக்கம் மனிதன், இன்னொரு பக்கம் குரங்கு. விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஏறினேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதே பஸ்ஸில்தான் ஏறுவேன். அதனால் என் நெஞ்சு லேசாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

விசாரணை செய்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா வரையறீங்க. ஆனா நான் சிரிக்காம இருக்கறதே பெரிசு. மனுஷன் ஒருத்தன்தான் கருவி எடுத்து வேலை செய்வான்னு என் பையனோட பாடப் புத்தகத்திலேயே போட்டிருக்கு. நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றார்.

"புத்தகத்தை மூடிட்டு ஒருநாள் வந்து உக்காருங்க சார். நடக்கலேன்னா நானே எழுதிக் கொடுத்துடறேன், நான் சொன்னது பொய்னு" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. சவரிமுத்து அறைக்கு வெளியே தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதிகாரி வந்தார். சவரிமுத்துவுக்கு மேலாளான கேங் மேஸ்திரியும் வந்தார். கரைக்குக் கீழே, வெயிலில், புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். குரங்குகள் வந்தன. கயித்துக்காரியைக் காணவில்லை. மேஸ்திரி கொட்டாவி விட்டார். சவரிமுத்துவின் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் வேண்டிக்கொண்டேன், வந்துவிடு தாயே என்று. அது வந்து ஜல்லியைத் தொட்டதும் அதற்குக் கேடு காலம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன்.

வந்தாள். வாயில் இரண்டு கொட்டையை அடக்கிக்கொண்டு, மெதுவாகக் கரை ஏறினாள். ஜல்லியில் ஒரு கல்லை எடுத்தாள், போட்டாள். இன்னொன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள். கொட்டையைத் தண்டவாளத்தில் நிறுத்தினாள். வழவழப்பான இரும்பில் அது நிற்கவில்லை, உருண்டுகொண்டே இருந்தது. குழியுள்ள பலகைக் கல்லாக இருந்தால் ஒரே அடியில் முடிந்திருக்கும். திரும்பத் திரும்ப எடுத்து வைத்து அடித்தாள். ஓடு உடைந்தது. தின்றாள். கல்லைத் தண்டவாளத்தின்மேல் பதமாக வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அதிகாரி எழுந்து போய் அந்தக் கல்லைத் தானே எடுத்து ஓரமாகப் போட்டார். சவரிமுத்துவின் தோளைத் தட்டி, "நீ போப்பா. உன்மேல ஒண்ணுமில்லே" என்றார். சவரிமுத்து தண்டவாளத்து ஓரத்திலேயே முழங்காலிட்டு அழுதார்.

பிறகு அதிகாரி என்னிடம் வந்தார். "இதை விட்டுவைக்க முடியாதும்மா. நாளைக்கு ஒரு வண்டி கவுந்தா நான் என்ன பதில் சொல்றது?" அவர் கேட்டது நியாயம்.

"அது தோப்புக்குள்ளேயே கல்லு வெச்சிக்கிட்டு இருந்தது சார். அதை நாங்க எடுத்துட்டோம். அதனாலதான் இங்க வருது. திருப்பி வெச்சிட்டா வராது. கொஞ்சம் அவகாசம் கொடுங்க."

யோசித்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க" என்றார்.

நேராகப் பேராசிரியரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்தார். பலகைக் கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கைக்கோடரியைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து போய், பெயர் கூட எழுதாமல் மூலையில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையில் கைக்கோடரியையும் வலது கையில் கூழாங்கல்லையும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே கனமாக இருக்கும்வரை பார்த்தார். "இது சரியா இருக்கும், கொண்டு போ" என்று என் கையில் கொடுத்தார். அந்தச் சமயத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இரண்டு கல்லையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர், என்னம்மா இவ்வளவு கனம், அம்மிக் கல்லா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தோப்பில் பழைய பள்ளத்திலேயே பலகைக் கல்லை வைத்தேன். சவரிமுத்துவும் கூட இருந்தார். கயித்துக்காரி வந்தாள். பலகைக் கல்லைக் கண்டதும் நின்றாள். கிட்டே வந்து குழியில் உள்ளங்கையை வைத்தாள். புதுக் கூழாங்கல்லை மோந்து பார்த்துவிட்டு, ஒரு கொட்டையை வைத்து அடித்தாள்.

"ஒத்துக்கிச்சி டீச்சர்! இனிமே மேல வராது, நீங்க பாருங்க" என்று சவரிமுத்து குதித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கயித்துக்காரி கரை ஏறவில்லை. தோப்பிலேயே, பலகைக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கழித்து நல்ல செய்தி சொல்ல விழுப்புரம் போனேன். அதிகாரி வேறு ஊருக்குப் போயிருந்தார். போவதற்கு முன்பே, கரையில் வந்து பார்த்த அன்றைக்கே, குரங்கைச் சுடச் சொல்லி அவர் அலுவலகத்திலிருந்து காகிதம் கீழே போயிருந்தது. அவர் வாயால் கொடுத்த அவகாசம் அந்தக் காகிதத்துக்குத் தெரியவில்லை. அங்கிருந்து தோப்புக்கு ஓடினேன்.

சவரிமுத்து கரையில் உட்கார்ந்திருந்தார். சீருடை போட்டிருந்தார். வேலைக்குத் திரும்பிய முதல் நாள்.

"தோப்புக்காரரு துப்பாக்கிய எடுத்துக்கினு வந்தாரு டீச்சர். மல்லாட்டைய நாசம் பண்ணுதுன்னு அவருக்கும் கோவம். இத்தினி கொரங்குல எதுன்னு அவருக்குத் தெரியல. மேஸ்திரி என்னைக் கூப்ட்டாரு. நான் ஒரு தபா தூரத்துலேர்ந்து பாத்ததுதான், நீதான் தெனம் பாத்தவன், நீ காட்டுன்னாரு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இது இல்லன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சி. சொன்னா, அப்ப கல்லு வெச்சது யாருன்னு மறுபடி கேப்பாங்கோ. லூர்து மூஞ்சி வந்து நின்னிச்சி. நாந்தான் கை காட்டுனேன்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மின்ன மாதிரி மேல ஏறி அலைஞ்சிக்கினு இருந்திருந்தா ஒருவேள தப்பிச்சிருக்கும் டீச்சர். கல்லு வந்துட்ட சந்தோஷத்துல ஒரே எடத்துல உக்காந்துக்கினு கீது. சத்தம் கேட்டும் நிமிரல."

பலகைக் கல்லின் குழியில் ஒரு கொட்டை உடையாமல் நின்றிருந்தது. கூழாங்கல் பக்கத்தில் கிடந்தது. இரண்டையும் நான் எடுக்கவில்லை. இடத்தை மட்டும் வரைந்தேன். சவரிமுத்து பணி ஓய்வு பெறும்வரை அதே பாதையில் நடந்தார். என்னை எங்கே பார்த்தாலும் நின்று பேசுவார். குரங்கைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிள்ளைகளே, நெருக்கடி என்றால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் ஒன்றைப் பொறுக்குவது என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அப்படி வந்தால் அதிர்ஷ்டம். எனக்கு வந்தபோது இருந்தது ஒரு மனிதனின் மானமும் ஒரு குரங்கின் உயிரும். அந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது, மதியம் ஒரு வாழைப்பழத்தை வீசி எடுத்த ஒரு கல். எடுக்கும்போது அது யாருக்கும் சொந்தமில்லாத கல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீங்களும் தினமும் எடுக்கப் போகிறீர்கள். எடுப்பதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு தடவை பாருங்கள், யாராவது அதைத் தேடிக்கொண்டு திரும்பி வருவார்களா என்று.

கொஞ்ச நாள் கழித்துப் பேராசிரியர் கைக்கோடரியை என் மேசையில் வைத்தார். கட்டுரைக்குப் படம் வேண்டும் என்றார். குரங்கு சுடப்பட்டது அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். ஆதிமனிதன் தட்டிய சில்லுகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வரைந்தேன். அடிப்பக்கம், உருண்டையான இடத்துக்கு வந்தபோது பூதக்கண்ணாடியை எடுத்தேன். சின்னச் சின்னக் குழிகள். நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் கலைந்து. வாதாம்பருப்பின் எண்ணெய் படிந்து அந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் லேசாக வாசம்கூட வந்தது.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

பேராசிரியர் வந்து பார்த்தார். மனிதன் செய்த கருவியைக் காட்டுகிற படத்தில் அந்தப் புள்ளிகள் எதற்கு, விட்டுவிடலாமே என்று கேட்பார் என்று எதிர்பார்த்து, பதிலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சில் வந்தபோது படத்துக்குக் கீழே 'அடிப்பக்கத்தில் பிற்காலச் சிதைவு' என்று இருந்தது.

நீங்கள் படித்த பாடப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கிறது, கீழே இருந்த அந்தக் குறிப்பு இல்லாமல். அது நான் வரைந்தது. நம் நாட்டில் குரங்கு கல்லெடுத்து உடைத்ததற்கு ஆதாரமே இல்லை என்று போன வாரம் உங்களில் ஒருவர் எழுதிக்கொண்டு வந்து காட்டினீர்கள். நான் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தின் அடியில் பாருங்கள். அச்சுப் பிழை என்று நீங்கள் நினைத்திருக்கும் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கயித்துக்காரி அடித்த அடி.